ஓகஸ்டில் அம்மாவோடு ஆறு இரவு: மலையகத்தில் எந்த ஊரில் தங்குவது?

வன்னிக் குருவி

வணக்கம். வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். ஓகஸ்ட் முதல் கிழமை அம்மா, நான், கணவர், பிள்ளைகள் இரண்டு பேர் மலையகம் போக இருக்கிறோம். மூத்தவனுக்கு 12, சின்னவளுக்கு 8. மொத்தம் ஆறு இரவு.

தினமும் பையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓட எங்களால் முடியாது. அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. ஒரே ஊரில் அறை எடுத்து, காலையில் ஒரு பக்கம் போய்விட்டு இரவுக்கு அங்கேயே திரும்பி வந்து படுக்க வேண்டும். சொந்த வாகனம் இல்லை. பஸ், முடிந்தால் ரயில், அவசியமான இடத்தில் ஆட்டோ.

கேட்டவர்களில் பாதிப் பேர் எல்ல என்கிறார்கள், பாதிப் பேர் நுவரெலியா என்கிறார்கள். வேலை செய்யும் இடத்தில் ஒருவர், கண்டியில் இருந்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்றார். பார்க்க ஆசைப்படுவது ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கிற உலக முடிவுப் பள்ளம், ஒன்பது வளைவுப் பாலம், ஒரு தேயிலைத் தொழிற்சாலை, சீதையம்மன் கோயில், ஒன்றிரண்டு நீர்வீழ்ச்சி. அந்தப் பக்கத்து ஆட்கள் சொன்னால் நம்பிப் போவேன்.

யாழ் நடையன்

எல்ல. யோசிக்கவே வேண்டாம். பாலமும் குட்டிச் சிவனொளிபாத மலையும் நடந்து போகிற தூரம். இராவணா நீர்வீழ்ச்சி தெருவோரத்திலேயே இருக்கிறது. சாப்பாட்டுக் கடைக்குக் குறைவில்லை. நாங்கள் நான்கு நண்பர்கள் போய் மூன்று நாள் இருந்தோம், திரும்பி வர மனமே இல்லை.

பண்டாரவளை வாத்தியார்

யாழ் நடையன் தம்பி சொல்வது நான்கு இளைஞர்களுக்குச் சரி. 71 வயது அம்மாவுக்கு நான் சொல்ல மாட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தங்கச்சி, முதலில் மாதத்தைப் பாருங்கள். அப்புறம் ஊரைத் தேடலாம். மலையகம் என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, நடுவில் ஒரு முதுகெலும்பு போல மலைத்தொடர் ஓடுகிறது. அதற்கு மேற்கே ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை. கிழக்கே ஊவா: அப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, பதுளை. மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவக் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக எங்கள் பக்கம் இறங்கும். அந்தக் காய்ந்த காற்றில் கொழுந்து மெதுவாக வளர்வதால்தான் ஜூலை, ஓகஸ்ட், செப்டம்பரில் பறிக்கிற ஊவாத் தேயிலைக்குத் தனி வாசனை. ஏலத்தில் நல்ல விலையும் அப்போதுதான். அதே நாளில் மஸ்கெலியாவில் கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் படங்கு கட்டி நனைந்துகொண்டு நிற்பார்கள்.

ஒக்டோபர் முதல் டிசம்பர், ஜனவரி வரை கதை தலைகீழ். அப்போது எங்கள் பக்கம்தான் மழை, மண்சரிவுப் பயமும் எங்களுக்குத்தான். மீரியபெத்தைத் தோட்டம் சரிந்தது 2014 ஒக்டோபர் 29. டிட்வா புயல் பதுளையையும் நுவரெலியாவையும் கண்டியையும் உருக்குலைத்தது 2025 நவம்பர். அந்த மாதங்களில் யாராவது ஊவாவுக்கு வருகிறேன் என்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

நீங்கள் கேட்பது ஓகஸ்ட். ஆகவே தொடருக்குக் கிழக்கே தங்குங்கள். எல்லவா, அப்புத்தளையா, பண்டாரவளையா என்பதைப் பேசித் தீர்க்கலாம்.

பழைய ரயில் பிரியன்

வாத்தியார் சொன்ன முதுகெலும்பை நான் ரயிலில் இருந்து பார்த்திருக்கிறேன். கொழும்புக் கோட்டையில் ஏறினால் ஹட்டன் தாண்டி, சிங்கமலைச் சுரங்கம், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, அம்பேவெல, பட்டிப்பொல என்று ஏறிக்கொண்டே போகும். பட்டிப்பொலதான் இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம், 6,200 அடிக்கும் மேல். அதைத் தாண்டி ஒஹியாவுக்கு இறங்குவதற்குள் ஒரு சுரங்கம் வரும்.

ஒரு ஜூலை மாதம். பட்டிப்பொலயில் கண்ணாடி முழுக்கத் தண்ணீர், எதிரே நின்ற மரம் தெரியவில்லை. பெட்டியில் எல்லோரும் ஜன்னலை இழுத்து மூடிவிட்டுச் சால்வைக்குள் சுருண்டிருந்தோம். சுரங்கத்துக்குள் நுழைந்தது, இருட்டு, கரிப்புகை வாசம், பிள்ளைகள் கூச்சல். வெளியே வந்தால் வெயில்! மஞ்சள் புல், நீல வானம், கீழே அடுக்கடுக்காக ஊவா. எனக்கு எதிரே இருந்த தோட்டத்து அம்மா ஒருவர், தினம் பார்க்கிறவர் போல எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, "நம்ம பக்கம் வந்தாச்சு" என்றார். அந்த அம்மாவின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரு விசயம். டிட்வாவில் மலைநாட்டுப் பாதை பல இடங்களில் சேதமானது. ரயிலை நம்பித் திட்டம் போடும் முன் நிலையத்துக்குப் போன் பண்ணி, எதுவரை ஓடுகிறது என்று கேளுங்கள். ஓடுகிறது என்றால் ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், விடுமுறைக் காலத்தில் கடைசி நேரத்தில் கிடைக்காது.

நுவரெலியா லேக்

எங்கள் ஊரை இவ்வளவு சீக்கிரம் தள்ளிவிடாதீர்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் டவுன் கிண்ணத்தின் அடி மாதிரிச் சமதரை. கிரகரி வாவியைச் சுற்றி முழங்கால் வலிக்காரர்கள் தாராளமாக நடக்கலாம். சீதாஎலியவில் இருக்கிற சீதையம்மன் கோயில் 5 கிலோமீட்டர், ஹக்கல பூந்தோட்டம் அதற்குச் சற்று அப்பால். ஹோர்ட்டன் சமவெளிக்கு 32 கிலோமீட்டர் அளவு. 1894இல் கட்டிய சிவப்புச் செங்கல் தபால் கந்தோரைப் பார்த்தாலே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கோயில், ஆஸ்பத்திரி, நல்ல சைவக் கடை எல்லாம் டவுனிலேயே.

பண்டாரவளை வாத்தியார்

லேக் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஏப்ரல் சீசன் கூட்டத்தையும் விலையையும் விட்டுப் பார்த்தால், ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் நானே நுவரெலியாவைத்தான் சொல்வேன். ஆனால் ஓகஸ்டில் தூறலும் ஈரக் குளிரும் விட்டுவிட்டு வரும். முழங்கால் வலிக்குக் குளிரைவிட ஈரம்தான் எதிரி. என் அம்மாவை வைத்துப் பார்த்த அனுபவம். துணி காயாது, கம்பளி காயாது, இரவு முழுக்கக் காலைத் தேய்த்துக்கொண்டு இருப்பார்கள்.

டிக்கோயா மகள்

ஹட்டன் பக்கத்து ஆள் நான். எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ஓகஸ்டில் வேண்டாம் அக்கா. சிவனொளிபாத மலை சீசன் டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிந்துவிடும். சீசன் இல்லாத நாளில் மலையடிவாரத்து நல்லதண்ணியில் பாதிக் கடை மூடிக் கிடக்கும், மலையில் விளக்கும் எரியாது. அட்டைக் கடி வேறு.

மழையிலும் ஒரு நன்மை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீர்வீழ்ச்சி பார்க்க ஆசை என்றீர்கள். ஓகஸ்டில் ஊவாப் பக்கத்து அருவிகள் மெலிந்து போயிருக்கும். எங்கள் டெவோன் அப்போதுதான் நிரம்பி விழும், 97 மீட்டர். ஹட்டன் நுவரெலியா வீதியில் பஸ்ஸில் இருந்தபடியே பார்க்கலாம், ஒரு படி ஏற வேண்டாம். கொஞ்சம் தள்ளி சென்கிளையர். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்கு முந்தின அகலம் இப்போது இல்லை, அதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்த வருத்தம் போகாது. எத்தனை மாதம் கழித்து வந்தாலும் அந்த வளைவில் பஸ் திரும்பும்போது கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

யாழ் நடையன்

சரி, மழைக் கதை விளங்குகிறது. ஆனால் எல்லவும் கிழக்கேதானே? அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள், வாத்தியார்?

பண்டாரவளை வாத்தியார்

நல்ல கேள்வி. சில வருடங்களுக்கு முன் என் தம்பி குடும்பம் மட்டக்களப்பில் இருந்து வந்தது. மாமாவும் கூட. படத்தைப் பார்த்து, எல்லவில் ஒரு தங்குமிடத்தைப் போனிலேயே பதிந்துவிட்டார்கள். படத்தில் தெரிந்த அந்த அழகான பலகணிக்குப் போக, தெருவில் இருந்து எத்தனை படி என்று யாரும் கேட்கவில்லை. நான் எண்ணினேன், 112 படி. கைப்பிடி இல்லை. மாமா முதல் நாள் ஏறினார், மூன்றாம் நாள் ஊருக்குப் போகத்தான் இறங்கினார். இடைப்பட்ட நேரமெல்லாம் அந்தப் பலகணியில் இருந்தபடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டைப் பிள்ளைகள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் நல்ல மனுசர், தவறு அவருடையதும் இல்லை. கேட்க வேண்டியதை நாங்கள் கேட்கவில்லை.

எல்ல ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர். அறை வாடகையும் சாப்பாடும் வெளிநாட்டவர் கணக்கில் ஓடுகிறது. அதைவிட முக்கியமான ஒன்று: அங்கிருந்து எங்கே போவதென்றாலும் பெரும்பாலும் பண்டாரவளைக்கு வந்துதான் பஸ் மாற வேண்டும். ஆறு நாள் ஒரே இடத்தில் இருக்கப் போகிறவர்கள் பாதைகள் முடிச்சுப் போடுகிற ஊரில் இருக்க வேண்டும். பண்டாரவளையில் இருந்து அப்புத்தளை, தியத்தலாவை, எல்ல, பதுளை, வெலிமடை, பூனாகலை எல்லாப் பக்கமும் பஸ் இருக்கிறது. எல்லவும் அப்புத்தளையும் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. ஒரு பக்கம் மப்பாக இருந்தால் மறு பக்கம் போகலாம்.

பண்டாரவளையில் படம் எடுத்துப் போட ஒன்றும் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். மணிக்கூட்டுச் சந்தி, மரக்கறிக் கடைகள், பழைய ஹோட்டல் ஒன்று, மத்தியானம் முழுக்கப் பஸ் ஹோர்ன். ஆனால் 1,200 மீட்டர் சொச்சத்தில் குளிரும் இதமாக இருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். மாலையில் களைத்து வருகிறபோது இட்லி கிடைக்கும், மருந்துக் கடை திறந்திருக்கும். அறை எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். தெருவில் இருந்து எத்தனை படி? சுடுதண்ணீர் இரவிலும் வருமா? பஸ் நிலையத்துக்கு எத்தனை நிமிட நடை, ஏற்றமா சமமா? பலகணியில் என்ன தெரியும் என்பதைக் கடைசியாகக் கேளுங்கள்.

கம்பளை நண்பன்

கண்டி பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. கண்டி 500 மீட்டர், மலையகத்தின் வாசல்படி. அங்கிருந்து நுவரெலியாவுக்கே பஸ்ஸில் இரண்டரை, மூன்று மணி நேரம் போகும். தினமும் ஆறு மணி நேரம் வளைவில் குலுங்குவதற்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பெரஹெரா ஊர்வலம் பார்க்க என்றால் தாராளமாகத் தங்கலாம், ஓகஸ்ட் அதற்கான காலம். அறை விலையும் அதே காரணத்தால் ஏறியிருக்கும்.

வன்னிக் குருவி

எல்லோருக்கும் நன்றி. ஒரு விசயத்தை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

நேற்று இரவு இந்தப் பதில்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்புத்தளை என்ற பெயர் வந்ததும் நிறுத்தச் சொன்னார். திரும்ப வாசிக்கச் சொன்னார். அம்மா பிறந்தது அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1977 ஆவணிக் கலவரத்தில் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டை விட்டுக் கிளம்பி, லொறியில் வவுனியாவுக்கு வந்தவர்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஒரு நாளும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நேற்றுக் கேட்டார். "அங்க ஒரு பீலி இருந்துச்சு, அது இன்னும் ஓடுதான்னு பாக்கணும்." பீலி என்றால் ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற குழாய்.

தோட்டத்தின் பெயரைக் கேட்டால் ஒரு தமிழ்ப் பெயர் சொல்கிறார். அதைத் தேடினால் வரைபடத்தில் இல்லை. மேல் டிவிஷன், பக்கத்தில் பெரிய பாறை, அதன் கீழே முனியாண்டி. இவ்வளவுதான் நினைவு. இனி அப்புத்தளையிலேயே தங்கிவிடலாமா?

அப்புத்தளை மலர்

அக்கா, நான் அந்த ஊர்ப் பிள்ளை. அம்மா இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறார்.

தோட்டம் வரைபடத்தில் இல்லாததற்குக் காரணம், தோட்டங்களுக்கு இரண்டு பெயர். கந்தோர்ப் பலகையில் இருப்பது துரைமார் வைத்த பெயர். சனங்கள் கூப்பிடுவது வேறு தமிழ்ப் பெயர். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. அம்மாவின் பிறப்புச் சான்றிதழோ தாத்தாவின் பழைய கடதாசி ஏதாவதோ இருந்தால் பாருங்கள், அதில் பதிவுப் பெயர் இருக்கும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அப்புத்தளை பஸ் நிலையத்தில் தோட்டத்துப் பஸ் ஓட்டுகிறவர்களிடம் தமிழ்ப் பெயரைச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். போனதும் முதலில் தோட்டத்துத் தலைவரையோ கோயில் பூசாரியையோ பாருங்கள். யாரைப் பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று அம்மாவே சொல்லட்டும். பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: லயத்தைக் கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். வருகிறவர்கள் எல்லோரும் எங்கள் வாசலில் காய்கிற துணியைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

தங்குவது என்றால், ஓகஸ்டில் அப்புத்தளையில் காற்று பொல்லாதது. ஊர் கத்தி முனை மாதிரி ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. ஒரு பக்கம் தெற்குச் சமவெளி அப்படியே இறங்கும், மறு பக்கம் ஊவா. இரவில் கூரைத் தகரம் அடித்துக்கொள்ளும். எனக்கு அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது, அம்மாவுக்குச் சரிவராது. வாத்தியார் சொல்கிறபடி பண்டாரவளையில் இருங்கள், அரை மணி நேரத்தில் இங்கே வந்துவிடலாம்.

லிப்டன் சீட் போக விரும்பினால் விடியற்காலையில் வாருங்கள். தம்பேதென்ன வரைக்கும் பஸ். அங்கேதான் 1890இல் லிப்டன் கட்டிய தொழிற்சாலை. மேலே இன்னும் 7 கிலோமீட்டர், அதற்கு ஆட்டோ பிடியுங்கள். உச்சி 1,970 மீட்டர். காலை ஒன்பது பத்துக்கெல்லாம் கீழே இருந்து பனி ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும்.

நுவரெலியா லேக்

வாசித்துவிட்டு என் வாதத்தை வாபஸ் வாங்குகிறேன். பண்டாரவளையிலேயே இருங்கள். ஒரு யோசனை மட்டும்: ஐந்து இரவு அங்கே, கடைசி இரவு நுவரெலியா. வெலிமடை வழியாகத் திரும்பி வரும்போது ஹக்கலவும் சீதையம்மன் கோயிலும் பாதையிலேயே வரும். சாமான்களோடு ஒரு தடவை மட்டும்தான் மாறுகிறீர்கள்.

பண்டாரவளை வாத்தியார்

அருமையான யோசனை. அப்போது உலக முடிவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்புத்தளைப் பக்கமிருந்து பொரலந்தை, ஒஹியா வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறலாம். காலை ஆறு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும், அதற்கு வேன்தான் வழி. சுற்றுப் பாதை 9.5 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். அம்மாவால் முடியாது. ஆனால் தொடக்கத்தில் உள்ள புல்வெளியில் மரை மான்கள் ஆளுக்குப் பயப்படாமல் மேய்கிறதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். ஓகஸ்டில் பள்ளம் தெரிவது அவரவர் அதிர்ஷ்டம். 870 மீட்டர் ஆழம் என்று படித்துவிட்டுப் போய், நான் இரண்டு தடவை வெள்ளைத் துணியை விரித்தது மாதிரிப் பனியைத்தான் பார்த்தேன். வேனுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள், முதல் நாள் இரவு வானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

பாலத்துக்குப் பிள்ளைகளும் அப்பாவும் போகட்டும், கடைசித் துண்டு இறக்கம் முழங்காலுக்கு ஆகாது. ரயில் ஓடுகிறதென்றால் அம்மாவைத் தெமோதரை நிலையத்தில் இருத்துங்கள். பாதை மலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதே நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். வாங்கில் இருந்தபடியே பார்க்கலாம்.

வன்னிக் குருவி

திரும்பி வந்துவிட்டோம். சொன்ன எல்லோருக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் அல்லவா.

வவுனியா, கண்டி, நுவரெலியா, வெலிமடை என்று முழு நாளும் பஸ். நுவரெலியாவில் மழை. ஜன்னல் ஒழுகி என் கணவரின் தோள் நனைந்தது. ஹக்கல தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்க இறங்க வெளிச்சம் வந்தது. சின்னவள், "அம்மா, அந்த அங்கிள் சொன்ன சுரங்கம் இல்லாமலே வெயில் வந்துட்டுது" என்றாள்.

பண்டாரவளையில் தெருமட்டத்தில் அறை. மூன்று படி. பலகணியில் தெரிந்தது எதிர்க்கடையின் தகரக் கூரை. மூன்று கேள்விக்கும் அந்த அறை பாஸ்.

இரண்டாம் நாளே அப்புத்தளை. மலர் சொன்னது போல, அம்மா அந்தத் தமிழ்ப் பெயரைச் சொன்னதும் பஸ்காரர், "ஏறுங்க, அதோ அந்தப் பஸ்" என்றார். அவ்வளவுதான். நாங்கள் இரண்டு கிழமை தேடிய பெயர்.

தலைவர் வீட்டுக்குப் போனோம். அம்மா தாத்தாவின் பெயரைச் சொன்னார், அவருக்குத் தெரியவில்லை. பட்டப் பெயரைச் சொன்னதும் உள்ளே இருந்த கிழவி ஒருவர் எழுந்து வந்து, அம்மாவின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். முழங்கால் வலிக்காரி என்று நாங்கள் பார்த்துப் பார்த்து நடத்திய அம்மா, அந்த ஒற்றையடிப் பாதையில் எங்களுக்கு முன்னால் போனார்.

பீலி ஓடுகிறது. மூங்கிலுக்குப் பதில் இப்போது பிளாஸ்டிக் குழாய். கீழே துவைக்கிற கல் மட்டும் அதே கல் என்றார் அம்மா, நடுவில் பள்ளம் விழுந்த கல். கையை ஏந்தி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மிச்சத்தை முகத்தில் அடித்துக்கொண்டார். பாறையின் கீழே முனியாண்டிக்கு இப்போது சின்னதாக சீமெந்துக் கூரை போட்டிருக்கிறார்கள். பிறந்த லயம் இல்லை, அந்த இடத்தில் மரக்கறிப் பாத்தி. அம்மா அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் எல்ல. பாலத்தில் பிள்ளைகளும் அப்பாவும், தெருவோர இராவணா நீர்வீழ்ச்சியில் நாங்கள் எல்லோரும். டிக்கோயா மகள் சொன்ன மாதிரித் தண்ணீர் மெலிவுதான், இருந்தாலும் பிள்ளைகளுக்குப் போதும். நாலாம் நாள் உலக முடிவுக்கு வேன் சொல்லியிருந்தோம். அதற்கு முந்தின இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா, "நீங்க போய்ட்டு வாங்க, நான் பஸ்ஸைப் பிடிச்சு அந்தக் கிழவியப் பாத்துட்டு வாரேன்" என்றார். வானம் நன்றாகத்தான் இருந்தது. வேனை நிறுத்திவிட்டு எல்லோரும் தோட்டத்துக்கே போனோம். மத்தியானம் அவர்கள் வீட்டில் ரொட்டியும் கட்டைச் சம்பலும், குவளையில் இஞ்சி போட்ட பிளேன்டீ. மூத்தவன் அந்த வீட்டுப் பையனோடு கிரிக்கெட் விளையாடி ஒரு பந்தைத் தேயிலைக்குள் தொலைத்தான். போட்டோ கேட்டுத்தான் எடுத்தோம், இரண்டே இரண்டு.

தம்பேதென்னையில் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தோம். வாடப் போட்ட கொழுந்தின் வாசம் மூக்கில் ஏறியதும், அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். கடைசி இரவு நுவரெலியா, சீதையம்மன் கோயில், ஹக்கல ரோஜா. அந்த ஒரு இரவே அம்மாவுக்குக் கால் கடுத்தது, வாத்தியார் சரியாகத்தான் சொன்னார்.

மலர், உங்கள் அம்மாவைப் பார்க்க முடியவில்லை, மலையில் நின்றிருப்பார். அடுத்த முறை.

அப்புத்தளை மலர்

அக்கா, அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அந்தக் கிழவியை அம்மாவுக்குத் தெரியுமாம். ஆடித் திருவிழாவுக்கு அந்தத் தோட்டத்துக் கோயிலுக்குப் போவார்களாம். அடுத்த வருசம் திருவிழாவைப் பார்த்து வாருங்கள், திகதியைக் கேட்டுச் சொல்கிறேன்.

திருமலை அலை

இழை முழுவதையும் வாசித்தேன். நாங்கள் தை மாதம் போகிறோம், தைப்பொங்கல் முடிந்த கையோடு, ஐந்து பேர், நாலு இரவு. அப்போதும் பண்டாரவளையா?

டிக்கோயா மகள்

தை என்றால் எங்கள் பக்கம்! ஹட்டனில் இருங்கள். பஸ் நிலையமும் ரயில் நிலையமும் கிட்டக் கிட்ட. மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சீசன் பஸ் ஓடும். சிவனொளிபாத மலை ஏறுவதாக இருந்தால் சனி, ஞாயிறும் போயா நாளும் வேண்டாம், படியில் கால் வைக்க இடம் இருக்காது. 5,000 படிக்கு மேல், இரவு ஒன்றரை இரண்டுக்கு ஏறத் தொடங்கினால் விடியலுக்குச் சரியாக இருக்கும். உச்சியில் காற்று வெட்டும், கம்பளித் தொப்பி எடுத்து வாருங்கள். உங்களோடு வயதானவர்கள் யாராவது வருகிறார்களா? அதைச் சொல்லுங்கள், அறையைப் பற்றிப் பிறகு பேசலாம்.